ஐசியூ வாசலில் தைரியம் வராது

மூத்த குடிமக்கள் கூட்டத்தில் போய்ச் சாவைப் பற்றிப் பேசலாமா என்று ஒருவர் கேட்டார். வேறு எங்கே பேசுவதாம்?

அப்பா வென்டிலேட்டரில் இருக்கிறார். இனித் தேறமாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். 'தொடரலாமா?' என்கிறார். மூத்தவன் தம்பியைப் பார்க்கிறான். தம்பி துபாயில் இருக்கும் அக்காவுக்குப் போன் போடுகிறான். கடைசியில், 'செய்யறதை எல்லாம் செஞ்சிடுங்க டாக்டர்.' அதைப் பாசம் என்கிறோம். பாதிதான் பாசம். மீதி, 'செலவுக்குப் பயந்து அப்பனை விட்டுட்டான்' என்று சித்தப்பா சொல்லிவிடுவாரோ என்ற பயம். பிள்ளைகளை நான் குறை சொல்லமாட்டேன். அந்த வாசலில் யாருக்குமே தைரியம் வராது. முடிவு அப்பாவுடையது, நன்றாக நடமாடும்போதே அவர் சொல்லியிருக்க வேண்டும்.

அதற்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. கண்ணியமாக இறப்பதும் அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமைக்குள் அடங்கும் என்று 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. குணமாக வழியே இல்லாத நிலை வந்தால் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கலாம். முதலில் மாஜிஸ்திரேட்டின் கையெழுத்தும் வேண்டும் என்றார்கள், யார் அலைவது? 2023 ஜனவரியில் அதைத் தளர்த்தினார்கள். இப்போது இரண்டு சாட்சிகளும் நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியின் சான்றும் போதும். எழுதிவிட்டதாலேயே யாரும் வந்து குழாயைப் பிடுங்கிவிட மாட்டார்கள். இரண்டு மருத்துவக் குழுக்கள் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். மனம் மாறினால் ரத்து செய்யலாம். ஊசி போட்டு உயிரைப் போக்குவது இன்றும் குற்றம்தான், அதோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

சரி, எழுதுவது சுலபம். வீட்டில் பேச்சை எடுப்பதுதான் கஷ்டம். 'அபசகுனமா பேசாதீங்க' என்று வீட்டுக்காரம்மா எழுந்து போய்விடுவார். போகட்டும், மறுநாள் மறுபடி சொல்லுங்கள். வீட்டையும் நிலத்தையும் யாருக்கு என்று உயில் எழுத நமக்கு வாய் வருகிறது, உடம்பைப் பற்றிச் சொல்லத்தான் வரமாட்டேன் என்கிறது!

அப்புறம், உங்களால் பேச முடியாதபோது உங்கள் சார்பில் பேச அந்தப் பத்திரத்தில் யார் பெயரை எழுதுவது? அதிகப் பாசம் உள்ள பிள்ளையை எழுதாதீர்கள் என்பேன். அழுதுகொண்டேயானாலும் நீங்கள் சொன்னதைச் செய்கிற பிள்ளை யார் என்று பாருங்கள். அது கடைசிப் பெண்ணாக இருக்கலாம். மூத்தவனுக்கு வருத்தம் வரும். அதனால் காரணத்தை அவன் எதிரிலேயே, அவளையும் வைத்துக்கொண்டு, இப்போதே சொல்லிவிடுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்களையும் எழுத இடமுண்டு.