டீனைக் காதலித்தவர்கள், கெர்ரியை மணந்தவர்கள்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். போருக்கு வாக்களித்த நடுவழி வேட்பாளரை உட்கட்சித் தேர்தலில் மக்கள் தேர்ந்தெடுப்பது இவரே பொதுத் தேர்தலில் ஜெயிப்பார் என்ற வெற்றிக் கணக்காலா, மனத்தாலா என்பது தலைப்பு. மனத்தாலே என்று பேச வந்திருக்கிறேன்.

இரு அணிகளும் எடுத்துக்கொண்டிருப்பது, 2004ஆம் ஆண்டு அதிபர் தேர்தலில் புஷ்ஷை எதிர்த்து நிறுத்த அமெரிக்க ஜனநாயகக் கட்சி தன் வேட்பாளராக ஜான் கெர்ரியைத் தேர்ந்தெடுத்த கதை. ஈராக் மீது படையெடுக்க அதிபர் புஷ்ஷுக்கு அதிகாரம் தரும் தீர்மானம் 2002 அக்டோபரில் செனட்டில் 77க்கு 23 என்று நிறைவேறியபோது, 'ஆம்' என்ற செனட்டர்களில் கெர்ரியும் ஒருவர். அந்தப் போரைத் தொடக்கம் முதலே எதிர்த்தவர் அவரோடு போட்டியிட்ட, வெர்மான்ட் மாநிலத்தின் முன்னாள் ஆளுநர் ஹோவர்ட் டீன். 2004 ஜனவரி 19 அன்று, உட்கட்சித் தேர்தல் தொடங்கும் மாநிலமான அயோவாவில் வாக்களிக்கக் கூடிய கட்சிக்காரர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் போரை எதிர்த்தவர்கள். அப்படியிருந்தும் கெர்ரிக்கு 38 சதவீதமும் டீனுக்கு 18 சதவீதமுமே கிடைத்தன.

எதிரணித் தலைவர் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார். அப்போது அமெரிக்கக் கார்களின் பின்புறத்தில் 'டீனைக் காதலித்தேன், கெர்ரியை மணந்தேன்' என்ற வாசகம் ஒட்டப்பட்டிருந்ததாம். அதைச் சொல்லிவிட்டு, "காதலனைக் கைவிட்டு அரசாங்க உத்தியோக மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்டியவளுக்கு மனம் எங்கே இருக்கிறது? வெறும் கணக்குதான் இருக்கிறது" என்றார். நீங்களும் கை தட்டினீர்கள். நானும் சிரித்துவிட்டேன், மறுக்கவில்லை.

ஆனால் நடுவர் அவர்களே, அந்த மாப்பிள்ளையைச் சற்று அருகில் போய்ப் பாருங்கள். அயோவா வாக்குப்பதிவுக்கு ஒரு மாதம் முன்பு கையில் காசில்லாமல் பாஸ்டனில் உள்ள தன் வீட்டை அடமானம் வைத்து, 64 லட்சம் டாலரைப் பிரச்சாரத்துக்குப் போட்டவர் அவர். நம் ஊரில் கல்யாணத்துக்கு வீட்டை அடகு வைப்பவர் பெண்ணின் தகப்பனார். தன் கல்யாணத்துக்குத் தன் வீட்டையே அடகு வைத்த மாப்பிள்ளையை எந்தத் தரகர் 'நல்ல இடம்' என்று சொல்வார்? கணக்குப் பார்த்திருந்தால் அன்றைய நிலையில் பணமும் கூட்டமும் டீன் பக்கம்தான் இருந்தன. ஆரஞ்சு நிறக் கம்பளித் தொப்பி அணிந்த வெளியூர்த் தொண்டர்கள் ஆயிரக்கணக்கில் வந்து அயோவாவின் கதவுகளைத் தட்டினார்கள். பெண்ணைக் கேட்டுப் பையன் வராமல் ஊரையே அனுப்பினால், எந்த வீட்டில்தான் சம்மதிப்பார்கள்? (டீனைக் கவிழ்த்தது அவர் மேடையில் போட்ட அலறல்தான் என்று இன்றும் சிலர் சொல்கிறார்கள். அவர் அலறியது அன்றிரவு தோற்ற பிறகு.)

நடுவழியும் போர் ஆதரவும்தான் வெற்றிக் கணக்கு என்றால், அந்தக் கணக்குக்கு உரிய பிள்ளை, அதே போட்டியில் நின்ற ஜோ லீபர்மன். 2000இல் துணை அதிபர் வேட்பாளராக நின்றவர், போரைத் தயங்காமல் ஆதரித்தவர். அயோவாவுக்கு அடுத்து வாக்களித்த நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் அவருக்குக் கிடைத்தது ஏறத்தாழ 9 சதவீதம். லீபர்மனிடம் இல்லாத எது கெர்ரியிடம் இருந்தது?

அதற்கு 1969 மார்ச் 13க்குப் போக வேண்டும். தெற்கு வியட்நாமில் பே ஹாப் என்ற ஆறு. அதில் அமெரிக்கக் கடற்படைப் படகுகள். வெடிப்பில் ஒரு சிறப்புப்படை அதிகாரி நீரில் விழுகிறார். தலை தூக்கினால் குண்டு வரும் என்று அஞ்சி மூழ்கி மூழ்கி நீந்துகிறார். படகுகள் முன்னே போய்விட்டன. ஒரு படகு திரும்புகிறது. அதன் முனையில், வலக்கையில் அடிபட்ட 25 வயது இளைஞர் குனிந்து, அடிபட்ட கையாலேயே அவரைத் தூக்கிப் படகில் போடுகிறார். அந்த இளைஞர் கெர்ரி. அன்று எதிரிகள் சுட்டார்களா என்று பின்னாளில் சர்ச்சை செய்தார்கள். தூக்கியதை ஒருவரும் மறுக்கவில்லை.

இது கதையின் பாதிதான். 35 ஆண்டுகளாக இருவரும் சந்திக்கவில்லை. கரையேறிய மனிதர் குடியரசுக் கட்சிக்காரர். அதாவது புஷ்ஷின் கட்சி. அவரை யாரும் தேடிப் பிடிக்கவில்லை. அவரே தொலைபேசியை எடுத்து, என்னால் ஏதாவது உதவி உண்டா என்று கெர்ரியின் பிரச்சார அலுவலகத்தைக் கேட்டார். வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்பு, ஜனவரி 17 அன்று, அயோவாவின் டெமாயின் நகர மேடையில் இருவரும் கட்டித் தழுவிக்கொண்டார்கள். மேடைப் பேச்சில் உணர்ச்சியே இல்லாதவர் என்று பத்திரிகைகள் கேலி செய்த கெர்ரியின் அந்த நிமிடத்தைக் கண்முன் நிறுத்துங்கள்: தான் தூக்கிவிட்ட மனிதர், மாற்றுக் கட்சிக்காரர், நரைத்த தலையோடு எதிரே நிற்கிறார். எதிரணியினர் இதிலும் கணக்கைக் காண்கிறார்கள் என்றால், அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனால் மொய்க்கவரைப் பத்திரமாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அதே ஜனவரி 17 அன்றுதான் ஈராக்கில் இறந்த அமெரிக்கப் படையினரின் எண்ணிக்கை 500ஐத் தொட்டது.

நடுவர் அவர்கள் மணியில் கை வைத்துவிட்டார். ஒரு காட்சியோடு அமர்ந்துவிடுகிறேன். அன்று அயோவாவின் ஜனநாயகக் கட்சியினர் பெட்டியில் சீட்டுப் போடவில்லை. மாலைக் குளிரில் பள்ளிக்கூட அரங்கில் கூடி, அவரவர் வேட்பாளரின் மூலையில் போய் அக்கம்பக்கத்தார் பார்க்க நிற்க வேண்டியிருந்தது. அங்கே ஒரு தாய் உட்கார்ந்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் மகன் பாக்தாத்தில் இருக்கிறான். போர் தவறு என்று அவளுக்குத் தெரியும். டீன் சொன்னது சரி என்பதும், கெர்ரி 'ஆம்' என்றதும் தெரியும். 1971இல் இதே கெர்ரி வியட்நாம் போரை எதிர்த்து செனட் குழுவின் முன் அமர்ந்து, ஒரு தவறுக்காகக் கடைசியாகச் சாகும் மனிதனாக இரு என்று ஒருவனிடம் எப்படிக் கேட்பீர்கள் என்று கேட்டதும் தெரியும். போரை நிறுத்துவது யார் என்பதற்கு முன்னால், நீரில் விழுந்த பிள்ளைக்காகப் படகைத் திருப்புவது யார் என்ற கேள்வி அவள் நெஞ்சில் நிற்கிறது. அவள் கோட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுகிறாள். டீனின் மூலையில் நிற்கும் பக்கத்து வீட்டுக்காரியின் கண்ணைப் பார்க்காமல், கெர்ரியின் மூலைக்கு நடக்கிறாள். அந்த நடையில் கணக்கு எத்தனை சதவீதம் என்று அடுத்துப் பேசுகிறவர் எழுந்து சொல்லட்டும். வணக்கம்.