சைக்கிள் பூட்டுக்குள் இருக்கும் டிஸ்க்கை எவ்வளவு நம்பலாம்?

[திரையில்: ஒரு சாவி, மிக நெருக்கமாக]

இந்தச் சாவியில் பல் இல்லை, கவனித்தீர்களா? அரைவட்டத் தண்டு, அதன் விளிம்பில் அங்கங்கே சாய்வாகச் சீவிய வெட்டு, அவ்வளவுதான். கொஞ்சம் நல்ல யூ-லாக், அதாவது U மாதிரி வளைந்த தடித்த கம்பி உள்ள சைக்கிள் பூட்டு, வாங்கினால் பெரும்பாலும் இந்த மாதிரிச் சாவிதான் வரும். பிரேக் டிஸ்க்கில் மாட்டுகிற பூட்டைச் சொல்லவில்லை, இதில் டிஸ்க் பூட்டுக்கு உள்ளே இருக்கிறது.

மதுரைக்காரர்களுக்குப் பூட்டு என்றாலே பக்கத்து ஊர் திண்டுக்கல்தான், 2019-ல் புவிசார் குறியீடும் வாங்கியாச்சு. அந்த லீவர் பூட்டில் உள்ளே இருக்கிற லீவர் தகடுகளைச் சாவி சரியான உயரத்துக்குத் தூக்கும். டிஸ்க் பூட்டில் தூக்குகிற வேலையே கிடையாது, எல்லாம் திருப்புகிற வேலை. 1907-ல் பின்லாந்தில் எமில் ஹென்ரிக்சன் என்பவர் கண்டுபிடித்தது, அப்லாய் என்ற பெயரில் பரவியது.

[திரையில்: குறுக்கே அறுத்த பூட்டு]

உள்ளே மெல்லிய டிஸ்க்குகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒரு பள்ளம், ஆனால் ஒவ்வொன்றிலும் வேறு வேறு இடத்தில். அவற்றின் மேலே நீளவாக்கில் ஒரு சின்னக் கம்பி கிடந்து, உள் உருளையைச் சுழல விடாமல் மறிக்கிறது. சாவியைப் போட்டுத் திருப்பினால் வெட்டு இல்லாத இடத்தில் இருக்கிற டிஸ்க் உடனே கூடவே சுற்றும், வெட்டு இருக்கிற இடத்தில் சாவி கொஞ்ச தூரம் சும்மா போய் அப்புறம்தான் டிஸ்க்கைத் தள்ளும், வெட்டு ஆழமாக ஆக அந்த டிஸ்க் அவ்வளவு தாமதமாகக் கிளம்பும். சுமார் கால் சுற்று முடியும்போது எல்லாப் பள்ளமும் ஒரே கோட்டில் வந்து நிற்க, கம்பி அதற்குள் இறங்கிவிடும். பூட்டு திறந்தாச்சு.

இதில் ஸ்பிரிங்கை எதிர்பார்த்து நிற்கிற டிஸ்க் ஒன்றுகூட இல்லை. போவதும் வருவதும் சாவி தள்ளித்தான். அதனால் நம் ஊர்ப் புழுதியிலும் அவ்வளவு லேசில் மக்கர் பண்ணாது.

சரி, கள்ளச்சாவி? 7 டிஸ்க், 6 கோணம் என்றால் கணக்குப்படி 2,79,936 விதம். நடைமுறையில் இதைவிடக் குறைவு, ஏனென்றால் ரொம்ப எளிதான வெட்டு வரிசைகளைத் தயாரிப்பவர்களே ஒதுக்கிவிடுவார்கள். உள்ளே ஸ்பிரிங்கில் நிற்கிற குட்டிப் பின்கள் (pin) உள்ள பூட்டைத் தட்டித் திறக்கிற வித்தை இதில் பலிக்காது, தட்டினால் துள்ளுவதற்கு உள்ளே பின் வேண்டுமே. ஒவ்வொரு டிஸ்க்கையும் தனித்தனியாகத் திருப்ப இதற்கென்றே செய்த கருவியும், பொறுமையும் வேண்டும். நல்ல பூட்டில் போலிப் பள்ளங்களும் உண்டு, கம்பி அதில் அரைகுறையாக இறங்கித் திறப்பவனை ஏமாற்றும். மலிவுப் பூட்டில் அது இருக்காது, சாவி மட்டும் பார்க்க அதே மாதிரி இருக்கும்.

2004-ல் அமெரிக்காவில் ஒரு கூத்து நடந்தது. கிரிப்டோனைட் கம்பெனியின் வட்டச் சாவிப் பூட்டை ஒரு பால்பாயிண்ட் பேனாவின் பின்பக்கத்தை அழுத்தியே திறந்துவிட்டார்கள். கம்பெனி பூட்டுகளை மாற்றிக் கொடுத்து, டிஸ்க் அமைப்புக்கு வந்தது.

[திரையில்: கட்டர், ஆங்கிள் கிரைண்டர்]

ஆனால் மாட்டுத்தாவணியில் சைக்கிளைத் தூக்க வருகிறவன் டிஸ்க் எண்ணிக்கொண்டா இருப்பான்? கேபிளாக இருந்தால் சின்ன கட்டரிலேயே நறுக்கிவிட்டுப் போய்விடுவான். இங்கேதான் என் கோபம்: கடையில் எல்லாரும் சாவியைக் காட்டி விலை சொல்கிறார்கள், வளைவுக் கம்பியைப் பற்றிப் பேச்சே இல்லை. கடினப்படுத்திய எஃகு, 16 மில்லிமீட்டர் தடிமன் இருந்தால் கை கட்டர் திணறும். ஆங்கிள் கிரைண்டருக்கு முன்னால் அதுவும் சில நிமிடத்துக்கு மேல் தாங்காது, ஆனால் சத்தமும் தீப்பொறியும் தெருவையே கூட்டும். வளைவுக் கம்பியின் இரண்டு முனையும் பூட்டிக்கொள்ளும் வகையா என்று கேளுங்கள், அப்படியிருந்தால் ஒரு இடத்தில் அறுத்து முறுக்கித் திறக்க முடியாது, இரண்டு இடத்தில் அறுக்க வேண்டும்.

பின் சக்கரத்து ரிங் லாக் மட்டும் போட்டால் சைக்கிளை அப்படியே தோளில் வைத்துக்கொண்டு போகலாம். பிரேமையும் சக்கரத்தையும் சேர்த்து, மண்ணில் ஊன்றிய கனமான எதிலாவது பூட்டுங்கள். நோ பார்க்கிங் போர்டு கம்பம் வேண்டாம், மேலே தூக்கி உருவிவிடலாம். சாவித் துவாரம் தரையைப் பார்க்கட்டும். எண்ணெய் என்றால் தையல் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு போதும், தேங்காய் எண்ணெய் புழுதியோடு சேர்ந்து பிசுபிசுக்கும்.

கூட வருகிற சாவி நம்பர் அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். டவுன் ஹால் ரோட்டு ஓரம் அரத்தை வைத்துச் சாவி போடுபவரிடம் இந்தச் சாய்வு வெட்டுக்கு நகல் கிடைப்பது கஷ்டம். நம்பரை மொபைலில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், பூட்டு படத்தில் தெரியாமல்.