கப்பல் மாதிரி கட்ட வேண்டாம்

(கடலூர் முதுநகரில் ஒரு கட்டடக் கலைஞர் பேசியது)

எல்லோருக்கும் வணக்கம். நம் ஊருக்கு ஒரு கலையரங்கம் வேண்டும், அதில் நம்முடைய கடல் மரபு தெரிய வேண்டும் என்று கேட்டீர்கள். கூடவே பாதிப் பேர், ‘கப்பல் மாதிரியே கட்டிடுங்க சார்’ என்றீர்கள். வட்ட ஜன்னல், மேலே கொடிமரம், வாசலில் ஒரு நங்கூரம். போட்டோவுக்கு நன்றாகத்தான் இருக்கும். எனக்கு மனசு ஒப்பவில்லை.

பெரிய கப்பல் எங்கே கரைக்கு வந்தது? கெடிலமும் பரவனாறும் கடலில் சேர்கிற இடம் இது. அதற்கேற்ற ஆழம் கிடையாது. கப்பல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும், சரக்கைப் படகுகள் கொண்டுவந்து இறக்கும். அலை உடைகிற இடத்தைத் தாண்டி அந்தக் காலத்தில் வந்துபோனது மசூலா படகு. அதில் பலகையை ஆணியடித்துச் சேர்ப்பதில்லை. ஓரத்தில் துளை போட்டு, தேங்காய் நார்க் கயிற்றால் இழுத்துத் தைப்பார்கள். அலை அறைந்தால் பலகை நெளிந்து கொடுக்கும். விறைப்பான படகென்றால் அதே அடியில் பிளந்துபோகும். எனக்கு வேண்டியது கப்பலின் உருவம் இல்லை, அடி விழுந்தாலும் மொத்தமாகப் பிளந்துபோகாத இந்தத் தையலின் யோசனைதான்.

2011 டிசம்பர் 30, தானே புயல். அன்று கூரைத் தகடு பறந்ததை இங்கே பலர் கண்ணால் பார்த்தவர்கள். தாழ்வாரமும் நடுக்கூடமும் ஒரே கூரையாக இருந்தால், காற்று தாழ்வாரத்தைத் தூக்கும்போது முழுக் கூரையும் கூடவே கிளம்பிவிடும். அதனால் தாழ்வாரத்துக்குத் தனிக் கூரை. போனால் அது மட்டும் போகட்டும். நடுக்கூரையை நாலு பக்கமும் சரித்து, தூணோடும் அஸ்திவாரத்தோடும் இறுக்கிக் கட்டுகிறோம். உப்புக்காற்றுக்குக் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். கம்பிக்கு மேல் கான்கிரீட் 45 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

அப்புறம் மேடை. அதைக் கிழக்கே வைத்திருக்கிறேன். கடற்காற்று பாடுகிறவர் குரலை ஜனத்தின் பக்கம் கொண்டுவரும், புழுக்கமும் இருக்காது. சாயங்காலம் நாலு மணிக்கு நிகழ்ச்சி வைத்தால் மேடையில் இருப்பவர் கண்ணில் வெயில் அடிக்கும், உண்மைதான். ஆனால் நம்ம தெருக்கூத்து ராத்திரியில்தானே ஆரம்பிக்கிறது! ஐப்பசி, கார்த்திகை மழைக்கு வடகிழக்கில் மடக்குக் கதவு உண்டு.

ஏ.சி. எங்கே என்று ஒருவர் கேட்டார். ஒப்பனை அறைக்கு மட்டும் போட்டிருக்கிறேன். வேஷம் கட்டி உட்கார்ந்திருப்பவருக்கு வியர்த்தால் அரிதாரம் வழிந்துவிடும். வரைபடம் வாசலில் மாட்டியிருக்கிறது. படகு கட்டுகிறவர்கள், வலை பின்னுகிறவர்கள் முதலில் போய்ப் பாருங்கள். முடிச்சு எங்கே சரியில்லை என்று சொல்லுங்கள், திருத்திவிடலாம்.