ஆறு மாதமும் கூட வந்த டாக்டர்

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

காசநோய்க்கு மாத்திரை சாப்பிட ஆரம்பித்ததும் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும். வியர்வையிலும் கண்ணீரிலும்கூட அந்த நிறம் ஏறும். ரிஃபாம்பிசின் என்ற மருந்தின் சாயம் அது, அதனால் உடம்புக்கு ஒன்றும் ஆகாது. இதை முன்கூட்டியே சொல்ல ஒரு டாக்டருக்கு அரை நிமிஷம் போதும். சொல்லாமல் விட்டால், ரத்தம் போகிறது என்று பயந்து மாத்திரையைத் தூக்கி மூலையில் வைத்துவிடுவார்கள். அப்படி நிறுத்தியவர்களின் வீட்டுப் படியில் நான் உட்கார்ந்து பேசியிருக்கிறேன். அந்த அரை நிமிஷத்தைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

நான் டாக்டர் இல்லை. மும்பை தாராவியில் தொண்ணூறடி ரோட்டை ஒட்டிய சந்தில் குடியிருக்கிறவள். என் கணவருக்கு இந்த நோய் வந்து குணமானது. அதற்குப் பிறகு எங்கள் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் யாருக்காவது டிபி என்று தெரிந்தால், கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவது, மாத்திரை ஒழுங்காக உள்ளே போகிறதா என்று பார்ப்பது, இதுதான் என் வேலை.

ஒரு இட்லிக்கார அண்ணாச்சியைச் சொல்கிறேன். திருநெல்வேலிப் பக்கம். விடிவதற்கு முன்பே எழுந்து இட்லி அவித்து, சைக்கிளில் கட்டிக்கொண்டு மாட்டுங்கா, தாதர் என்று சுற்றி விற்றுவிட்டு வருவார். வாரக்கணக்காக இருமல். தெருமுனை கிளினிக்கில் தந்த இருமல் மருந்தை பாட்டில் பாட்டிலாகக் குடித்தார். சட்டை தோளில் நிற்காத அளவுக்கு இளைத்த பிறகுதான் என்னோடு வந்தார். சளிப் பரிசோதனையில் டிபி என்று உறுதியானது.

அங்கே இருந்த டாக்டரம்மா மராட்டியர், சின்ன வயது. மாத்திரையை எழுதுவதற்கு முன்னால், "எத்தனை மணிக்கு எழுந்திருப்பீங்க? எப்போ சாப்பிடுவீங்க?" என்று கேட்டார். வெறும் வயிற்றில் மாத்திரை போட்டால் அண்ணாச்சிக்குக் குமட்டுமா, அடுப்பு முன்னால் நிற்கிற நேரத்தில் அது தாங்குமா என்று யோசித்து, தினமும் சாப்பிட ஒரு நேரத்தைக் குறித்துக் கொடுத்தார். முதல் சில வாரம் வீட்டில் இருங்கள், சைக்கிளை மச்சான் எடுக்கட்டும் என்றார். அண்ணியை உள்ளே கூப்பிட்டு, இது தட்டிலும் தம்ளரிலும் ஒட்டுவதில்லை, இருமும்போது காற்றில்தான் பரவும், பாத்திரத்தைப் பிரித்து வைக்க வேண்டாம், ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்று விளக்கினார். பிறகு அண்ணியை வெளியே அனுப்பிவிட்டு, குடிப்பழக்கம் உண்டா என்று கேட்டார். திட்டுவதற்காகக் கேட்கவில்லை. இந்த மாத்திரைகள் கல்லீரலைத் தாக்கக்கூடியவை, மதுவும் சேர்ந்தால் ஆபத்து. மனைவி முன்னால் கேட்டிருந்தால் அண்ணாச்சி உண்மையைச் சொல்லியிருக்க மாட்டார்.

அதோடு இன்னொன்றும் சொன்னார். "ரெண்டாவது மாசம் பசி வரும், இருமல் நின்னுடும், நோய் போயிடுச்சுன்னு உங்களுக்கே தோணும். எனக்கு அப்போதான் உங்களை நினைச்சு பயம்."

அப்படியேதான் நடந்தது. எடை ஏறியது, சைக்கிள் மறுபடி கிளம்பியது, இனி எதற்கு மாத்திரை என்று அண்ணாச்சி கேட்கவும் ஆரம்பித்தார். டாக்டரம்மா சொன்னதை நினைவுபடுத்தினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்தப் பிள்ளை அன்னைக்கே சொல்லிச்சு" என்று மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொண்டார். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்து. ஆறு மாதமும் முடித்தார்.

நடுவில் கால் மரத்துப் போனது. சைக்கிள் மிதித்த வலி என்று நினைத்து அவர் சொல்லவே இல்லை. "பாதத்தில் ஊசி குத்துற மாதிரி இருக்கா?" என்று டாக்டரம்மாதான் கேட்டார். ஐசோனியாசிட் மருந்து அப்படிச் செய்யும், பி6 வைட்டமின் கொடுத்தால் சரியாகும். எத்தாம்பூட்டால் என்ற இன்னொரு மருந்து கண்ணைப் பாதிக்கலாம் என்பதால் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரிகிறதா என்றும் பார்ப்பார். ஒவ்வொரு முறையும் எடை பார்ப்பதும் சும்மா இல்லை. மருந்துகள் எல்லாம் ஒரே மாத்திரையில் சேர்ந்திருக்கும், எத்தனை மாத்திரை என்பது எடையைப் பொறுத்தது: 35 முதல் 49 கிலோ வரை நாளுக்கு மூன்று மாத்திரை, 50 ஆனால் நான்கு.

இப்படிக் கவனிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் தாராவியே சாட்சி. இங்குள்ள தனியார் மருத்துவர்கள் காசநோய்க்கு என்ன எழுதிக் கொடுக்கிறார்கள் என்று ஆராய்ந்து 1991இல் ஒரு கட்டுரை வந்தது. நூறு டாக்டர்கள், எண்பது விதமான சீட்டு. 2010இல் வந்த ஆய்வில் 106 பேர், 63 விதம், அதில் சரியாக எழுதியவர்கள் ஆறு பேர். அரைகுறை மருந்தில் தப்பிய கிருமி அடுத்த முறை மருந்துக்கே அடங்காது. எந்த மருந்துக்கும் கட்டுப்படாத காசநோய் என்று 2011 டிசம்பரில் டாக்டர் ஜரீர் உத்வாடியா குழுவினர் உலகத்துக்கு அறிவித்தது இதே மும்பையிலிருந்துதான். மறு ஆண்டே, காசநோயாளி யார் வந்தாலும் டாக்டர்கள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது.

மருந்துக்கு அடங்காத டிபி வந்த ஒரு பெண்ணையும் எனக்குத் தெரியும். தினமும் ஊசி. காதில் ரீங்காரம் கேட்கிறது என்று சொன்னபோது, பலவீனம், சரியாகிவிடும் என்று ஒருவர் அனுப்பிவிட்டார். அடுத்து பார்த்த பெரிய டாக்டர்தான் ஊசியை நிறுத்தி, கேட்கும் திறனைச் சோதிக்க அனுப்பினார். நோய் குணமானது, போன செவித்திறன் திரும்பவில்லை. அவள் இப்போது தையல் வேலை பார்க்கிறாள். பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். எனக்கு அது இன்னும் ஆறவில்லை. இப்போது ஊசியே இல்லாமல், பெடாகுயிலின், பிரெட்டோமானிட் முதலிய மாத்திரைகளோடு ஆறு மாத சிகிச்சை வந்திருக்கிறது. அதில் சேரும் லினிசோலிட் என்ற மருந்து நரம்பையும் ரத்தத்தையும் பாதிக்கலாம், ஆகவே கேட்டுக்கொண்டே இருக்கிற டாக்டர் இப்போதும் தேவை.

நம் சென்னைக்கு இதில் பெரிய பங்கு உண்டு. 1956இல் அங்கே தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், நோயாளிகளில் பாதிப் பேரை சானடோரியம் என்ற காசநோய் ஆஸ்பத்திரியில் வைத்தது, மீதிப் பேருக்கு அவரவர் குடிசையிலேயே மருந்து கொடுத்தது. 1959இல் முடிவு வெளியானது: வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள், குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் பரவவில்லை. அந்த வீடுகளுக்கு ஆட்கள் தேடிப் போனார்கள், மாத்திரை சாப்பிட்டார்களா என்று பார்த்தார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. உலகம் முழுக்க சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு அந்த ஆய்வு ஒரு முக்கியக் காரணம்.

வாசலில் அத்தனை பேர் வரிசையில் நிற்கும்போது ஒரு டாக்டர் எவ்வளவுதான் பேசுவார் என்று கேட்பீர்கள். நியாயம்தான். அந்த டாக்டரம்மா மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டுப் பேசியதைப் பார்த்திருக்கிறேன். ஒருவருடைய நல்ல மனசை நம்பி ஒரு ஊரின் உயிர் இருக்கக் கூடாது, இன்னும் டாக்டர்களும், நம் பாஷை பேசும் ஊழியர்களும் வேண்டும் என்பது என் கோரிக்கை.

நேயர்களே, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனைக்குப் போங்கள், இலவசம்தான். சாப்பாட்டுச் செலவுக்கு அரசு தரும் தொகையும் 2024 நவம்பரிலிருந்து மாதம் ஆயிரம் ரூபாய் ஆகியிருக்கிறது, வங்கிக் கணக்கு விவரம் கொடுங்கள். டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்கள் சொல்லுங்கள்: கால் மரக்கிறது, கண் மங்குகிறது, காது இரைகிறது, கண் மஞ்சளாக இருக்கிறது என்று எதையும் மறைக்காதீர்கள். வீட்டில் இருக்கும் குழந்தைகளையும் கூடவே கூட்டிக்கொண்டு போங்கள், அவர்களுக்கும் பரிசோதனை உண்டு, தேவைப்பட்டால் தடுப்பு மாத்திரையும் கொடுப்பார்கள்.

நன்றி. வணக்கம்.