ஒரே சாலை, இரண்டு கணக்கு

அவையோருக்கு வணக்கம்.

ஒரு சாலையை நடந்து பார்த்த பொறியாளர் விரிசல் 8 சதவீதம் என்று எழுதுகிறார். ஓடிக்கொண்டே லேசர் ஒளியால் சாலையை அளக்கும் லேசர் வண்டி 14 சதவீதம் என்கிறது. உடனே, யார் அளந்தது தப்பு என்று கேட்கிறோம். பெரும்பாலும் இரண்டுமே சரியான அளவாக இருக்கும். கணக்கு வைத்த முறைதான் வேறு.

100 மீட்டர் நீளம், 3.5 மீட்டர் அகலம் உள்ள தடம். பரப்பு 350 சதுர மீட்டர். நெடுக ஒரே ஒரு விரிசல் ஓடுகிறது. கோட்டைப் பரப்பாக்க அதற்கு ஓர் அகலம் கொடுத்தாக வேண்டும். 0.3 மீட்டர் கொடுத்தால் 30 சதுர மீட்டர், அதாவது 8.6 சதவீதம். 0.5 மீட்டர் கொடுத்தால் 14.3. பத்தைத் தாண்டினால் புதிய தார் அடுக்கு என்று வரம்பு வைத்திருந்தால், இந்த ஒரு விரிசலுக்கே பணம் ஒதுக்கச் சொல்லும் ஓர் அறிக்கை. வேண்டாம் என்னும் இன்னொன்று. ஆகவே ஒப்பிடும் முன் வரையறையை ஒன்றாக்குங்கள்.

மேடுபள்ள அளவில் கண்ணுக்கு வேலையே இல்லை. நம் நாட்டில் பம்ப் இன்டகிரேட்டரை, அதாவது சக்கரத்தின் குலுக்கலைக் கூட்டிச் சொல்லும் இழுவைக் கருவியை, மணிக்கு 32 கிலோமீட்டர் வேகத்தில் இழுத்து, கிலோமீட்டருக்கு இத்தனை மில்லிமீட்டர் என்று எடுக்கிறோம். லேசர் வண்டி ஐஆர்ஐ என்னும் பன்னாட்டு மேடுபள்ளக் குறியீட்டில் தருகிறது. அதன் வேர் 1982-இல் பிரேசிலில் நடந்த சோதனை. அந்தக் குறியீட்டில் 2.8 என்றால் பம்ப் இன்டகிரேட்டரில் ஏறக்குறைய 2000. ஆனால் சிக்னலில் நின்று கிளம்பும் இடத்தில் லேசர் வண்டியின் கணக்கு பிசகும். வண்டியின் குலுக்கலை முடுக்கமானி உணர்ந்து கழிக்கிறது. வேகம் மிகவும் குறைந்தால் அந்தக் கழிப்பு நம்பத்தக்கதல்ல. அந்தத் துண்டுகளை மறுபடி ஓட்ட வேண்டும்.

ஈரச் சாலையில் லேசர் ஒளி சிதறும். மண் அடைத்த விரிசல் கருவிக்குத் தப்பும். ஓட்டுநர் அரை மீட்டர் விலகினால் சக்கரத்தடப் பள்ளத்தின் ஓரம் வெளியே போய், ஆழம் குறைந்து பதிவாகும்.

கண்ணும் ஏமாறும். உச்சி வெயிலில் மயிரிழை விரிசல் தெரியாது. மழை விட்டுச் சாலை காயும்போது பாருங்கள்: மேற்பரப்பு வெளுத்திருக்கும், விரிசல் மட்டும் ஈரம் பிடித்துக் கறுப்புக் கோடாக நிற்கும். அந்த அரைமணி நேரம் நடப்பவருக்குக் கிடைக்கும் பெரிய வரம்.

அப்போது விரிசல் ஓரத்தில் சேறு வெளிறிப் படிந்திருந்தால் குனிந்து தொட்டுப் பாருங்கள். அடியில் இறங்கிய நீரை லாரிச் சக்கரம் அழுத்த, அடித்தளத்தின் நுண்மண் மேலே வந்திருக்கிறது. பக்கத்துக் கால்வாய் அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். கருவி விரிசலின் அகலத்தைச் சொல்லும். இந்தக் காரணத்தைச் சொல்லாது. காரணத்தை விட்டு மேலே தார் போட்டால் விரிசல் திரும்ப மேலேறும்.

ஒப்பிடும் முறை இதுதான். ஒரே வாரம், ஒரே தடம். ஜிபிஎஸ்ஸை மட்டும் நம்பாமல் நாடா பிடித்து 100 மீட்டருக்கு ஒரு வண்ணக்கோடு போடுங்கள். கிலோமீட்டர் சராசரி எடுத்தால் குழிகள் அதற்குள் மறைந்துபோகும். வண்டியை மூன்று முறை ஓட்டுங்கள். இருவர் தனித்தனியே நடந்து எழுதட்டும். மூன்று ஓட்டங்களுக்குள்ளும் இரு மனிதர்களுக்குள்ளும் எவ்வளவு வேறுபாடு என்று முதலில் பாருங்கள். கருவிக்கும் மனிதருக்கும் இடையிலான வேறுபாடு அதைவிடப் பெரிதாக உள்ள துண்டுகளுக்கு மட்டும் சாலைமேல் வைத்துப் பள்ளத்தை அளக்கும் 3 மீட்டர் நேர்கோலோடு திரும்பிப் போங்கள்.