பேசுவது முகமா, மேலங்கியா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். பாஸ்டன் வணிகர் நிக்கோலஸ் பாயில்ஸ்டனை 1767இல் ஜான் சிங்கிள்டன் காப்ளி எண்ணெய் வண்ணத்தில் தீட்டிய ஓவியத்தில், அந்தக் கனவானை நமக்கு அறியத் தருவது முகமா, உடையும் பொருள்களுமா என்பது இன்றைய வழக்கு. எதிரணித் தோழர் அம்முகத்தின் அமைதியை அழகாக வருணித்தார். அதே முகத்துக்குப் பாதிரியாரின் கறுப்பு அங்கியைப் போர்த்தியிருந்தால், அதே அமைதியை அவர் இறைப்பற்று என்று வாசித்திருப்பார்.

உடையைப் பார்ப்போம். பவுடர் பூசிய பொய்முடியும் உடலை இறுக்கும் கோட்டும் கனவான்கள் வெளியே செல்வதற்கான கோலமாக இருந்த காலத்தில், இவரோ மழித்த தலையில் வெல்வெட் தொப்பியும், பூவேலை நெய்த தளர்ந்த பட்டு மேலங்கியுமாக அமர்ந்திருக்கிறார். அந்த மேலங்கியை ஆங்கிலேயர் ‘பான்யன்’ என்றார்கள். இந்திய வணிகரைக் குறித்த சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. நாம் சட்டைக்குள் போடும் பனியனுக்கும் அதற்கும் சொல்லுறவு உண்டு என்பது வேடிக்கைதான். எவருக்காகவும் உடுத்திக்கொள்ள வேண்டிய நிலையில் நான் இல்லை என்கிறது அந்தத் தளர்வு. ஆனால் அவருடைய கை சாய்ந்திருப்பது தடித்த கணக்குப் பேரேடுகளின் மீது. பின்னால் தெரிவது கடலில் ஒரு கப்பல். அந்த ஓய்வுக்குக் காசு எங்கிருந்து வந்தது என்பதை முகம் சொல்லவில்லை, பேரேடு சொல்கிறது. 1766இல் அவர் வீட்டில் விருந்துண்ட, பின்னாளில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரான ஜான் ஆடம்ஸும் துருக்கிக் கம்பளம், சலவைக்கல் மேசை, கடிகாரம் என்று பொருள்களைத்தான் நாட்குறிப்பில் அடுக்குகிறார்; அறைகலன்களே ஆயிரம் பவுண்டு பெறும் என்று வியக்கிறார்.

காப்ளி ஒரே உடையை வெவ்வேறு பெண்களுக்கு அணிவித்து வரைந்தவர், ஆகவே உடை பொய் சொல்லும் என்றார் தோழர். சொல்லட்டும். ஒருவர் எப்படித் தோன்ற விரும்பினார் என்பதை அந்தப் பொய்யைவிடத் தெளிவாக எது காட்டும்?

இன்னொரு சான்று. 1771இல் இறந்த பாயில்ஸ்டன், சொற்பொழிவுக் கலைக்கு ஒரு பேராசிரியர் இருக்கை அமைக்க ஹார்வர்டுக்கு 1,500 பவுண்டு எழுதிவைத்தார். அவ்வகையில் இந்த மேடைக்கும் அவர் உறவினர். நன்றிக்கடனாகக் கல்லூரி கேட்டபடி 1773இல் காப்ளி அவருடைய முழு உருவத்தைத் தீட்டினார். எதிரே முகம் இல்லை. பழைய ஓவியத்தைப் பார்த்தே அதை வரைய வேண்டியிருந்தது. அந்த ஓவியத்திலும் நடுவர் அவர்களே, பாயில்ஸ்டன் நிற்பது அந்தப் பட்டு மேலங்கியோடுதான்.