காலுக்குக் கீழே பறக்கும் போர் விமானம்! வேல்ஸ் மலைகளில் என்னதான் நடக்கிறது?

(திரையில்: பச்சைப் புல் மூடிய மலைச்சரிவு. கீழே ஆழமான பள்ளத்தாக்கு. காற்றுச் சத்தம் மட்டும். திடீரென்று இடமிருந்து வலமாக ஒரு எஃப்-15 பாய்ந்து மறைகிறது.)

இதை எடுத்தவரிடம் ட்ரோன் கிடையாது. அவர் ஹெலிகாப்டரிலும் உட்கார்ந்திருக்கவில்லை. மலைச்சரிவில், புல்லில், ஆட்டுப் புழுக்கைகளுக்கு நடுவே நின்றுகொண்டிருக்கிறார். போர் விமானம் அவருக்குக் கீழே போகிறது! அதன் முதுகு தெரிகிறது. காக்பிட்டுக்குள் பைலட்டின் ஹெல்மெட் தெரிகிறது. வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால், பைலட் தலையைத் திருப்பி மலையைப் பார்ப்பதுகூடத் தெரியும்.

வணக்கம் மக்களே. இன்றைக்கு நாம் போகப்போகிற இடம் பிரிட்டனில், வேல்ஸ் பகுதியில் இருக்கிற ‘மாக் லூப்’. உலகம் முழுக்க விமானப் பைத்தியங்கள் தேடி வந்து குவியும் இடம். நானும் அந்தப் பைத்தியக் கூட்டத்தில் ஒருவன்தான், அதனால் வீடியோ கொஞ்சம் நீளும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பின்னணி. சுருக்கமாக முடித்துவிடுகிறேன். வடக்கே டொல்கெத்லாய், தெற்கே மகன்லெத் என்று இரண்டு சின்ன ஊர்கள். நடுவில் வளைந்து வளைந்து போகும் பள்ளத்தாக்குகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரு வளையமாக இருக்கின்றன. அந்த வளையம்தான் மாக் லூப். ராணுவம் தாழப் பறப்பதற்காகப் பிரிட்டன் முழுவதையும் பகுதி பகுதியாகப் பிரித்து எண் கொடுத்திருக்கிறார்கள். இது 7-ஆம் பகுதி. பிரிட்டனின் விமானப்படையான ராயல் ஏர் ஃபோர்ஸின் டைஃபூன், எஃப்-35 எல்லாம் வரும். இங்கிலாந்தின் லேக்கன்ஹீத் தளத்திலிருந்து அமெரிக்க எஃப்-15 வரும். எதிரெதிரே மோதிக்கொள்ளக் கூடாதே, அதனால் எல்லோரும் ஒரே திசையில், கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கமாகத்தான் சுற்றுவார்கள். சரி, பின்னணி முடிந்தது.

இப்போது உயரம். ஜெட் விமானங்களுக்கு இங்கே வழக்கமான விதி 250 அடி. இதை எப்படிக் கற்பனை செய்வது? ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அது 236 அடி. அந்தக் கலசங்களுக்கு மேலே வெறும் 14 அடி இடைவெளி விட்டு, மணிக்கு 830 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு போர் விமானம் போனால் எப்படி இருக்கும்? கோபுரத்தில் இருக்கிற புறா ஒன்றுகூட அந்தப் பக்கம் திரும்பி வராது. இதோடு நிற்கவில்லை. மத்திய வேல்ஸில் குறிப்பிட்ட நேரங்களில் 100 அடி வரை இறங்க அனுமதி உண்டு. அந்த உயரத்தில் வந்தால் கோபுரத்தின் இடுப்புக்குக் கீழே போய்விடும்.

இங்கேதான் ஒரு சுவாரசியம். 250 அடி என்பது தரையிலிருந்து மட்டும் அளக்கிற கணக்கு இல்லை. மலை, மரம், கட்டடம், மனிதர் என்று எதை எடுத்தாலும், எந்தப் பக்கத்திலும், அவ்வளவு தள்ளிப் போக வேண்டும் என்பதுதான் விதி. பள்ளத்தாக்கின் அடியிலிருந்து 250 அடி மேலே விமானம் போகிறது. நீங்கள் அதைவிட உயரமாக மலைச்சரிவில் நிற்கிறீர்கள். வளைவில் திரும்பும்போது விமானம் ஒருக்களித்துச் சாயும். நீங்கள் வளைவின் உள்பக்கம் நின்றால் அதன் முதுகு முழுசாக உங்கள் பக்கம் திரும்பிவிடும். விமானக் கண்காட்சியில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்தாலும் வயிற்றைத்தான் காட்டுவார்கள். இங்கே முதுகு, அதுவும் இலவசம்.

(திரையில்: வளைந்த பூமி, ஒரு ரேடார், இரண்டு விமானங்கள். எளிய கோட்டுப்படம்.)

ஏன் இவ்வளவு கீழே பறக்கிறார்கள்? பந்தா காட்டவா? இல்லை. ஒளிந்துகொள்ள.

ரேடாரின் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். பூமி வளைந்திருக்கிறது. தரையில் 10 மீட்டர் உயரக் கம்பத்தில் ஒரு ரேடார் வைத்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். 10,000 மீட்டர் உயரத்தில் வரும் விமானம் 400 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி வரும்போதே அதன் பார்வைக்குள் வந்துவிடும். அதே விமானம் 250 அடியில் வந்தால் சுமார் 50 கிலோமீட்டர் வரை பூமியின் வளைவே அதை மறைத்துவிடும். 830 கிலோமீட்டர் வேகத்தில் கணக்குப் போடுங்கள். மேலே வந்தால் எதிரிக்கு அரை மணி நேரம் கிடைக்கும். கீழே வந்தால் மூன்றரை நிமிடம். இது சமதளத்தில். நடுவில் மலை இருந்தால் அதுவும் கிடையாது.

ஆனால் தாழப் பறந்தால் எல்லாம் சரி என்று நினைத்துவிடாதீர்கள். 1982-இல் ஃபாக்லாந்து போரில் அர்ஜென்டினா பைலட்டுகள் கடலை ஒட்டி, மலைகளுக்கு நடுவே புகுந்து வந்து பிரிட்டிஷ் கப்பல்கள்மேல் குண்டு போட்டார்கள். அசாத்திய துணிச்சல், பிரிட்டிஷ்காரர்களே மெச்சினார்கள். ஆனால் விழுந்த குண்டுகளில் பல வெடிக்கவே இல்லை! குண்டு விமானத்தை விட்டுப் பிரிந்த பிறகு, அதை வெடிக்கவைக்கும் கருவி தயாராகச் சில விநாடிகள் வேண்டும். போட்ட விமானமே அதில் சிக்கிவிடக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு அது. இவர்கள் அவ்வளவு தாழ்வாக வந்து போட்டதால் அந்த அவகாசம் கிடைக்கவில்லை. குண்டு கப்பலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்ச் சும்மா கிடந்தது. உயிரைப் பணயம் வைத்துத் தாழப் பறந்ததே அவர்கள் காலை வாரிவிட்டது. எனக்கு இந்தத் தகவல் ரொம்பப் பிடிக்கும். யாரிடமாவது சொல்லாவிட்டால் தூக்கம் வராது.

1991 வளைகுடாப் போரில் பிரிட்டனின் டார்னடோ போர் விமானங்கள் தாழப் பறந்துதான் தாக்கத் தொடங்கின. முதல் வாரத்திலேயே இழப்பு. அப்புறம் நடுத்தர உயரத்துக்கு ஏறிவிட்டார்கள். போதாக்குறைக்கு, இப்போது வானத்திலிருந்தே கீழ்நோக்கிப் பார்க்கும் ரேடார் விமானங்களும் இருக்கின்றன. தாழப் பறக்கிற வித்தைக்கு மூடுவிழா என்று பலர் எழுதினார்கள். ஆனால் 2022-இல் உக்ரைன் போர் தொடங்கியதும் என்ன ஆனது? ஏவுகணைகளுக்குப் பயந்து இரண்டு பக்கமும் வயல்களை உரசுகிற மாதிரி பறந்த வீடியோக்களை நீங்களே பார்த்திருப்பீர்கள். வேல்ஸ் மலைகளுக்கு இன்னும் வேலை இருக்கிறது.

சரி, இப்போது எனக்குப் பிடித்த பகுதி. சத்தம்.

இந்த வீடியோக்களுக்குக் கீழே எப்போதும் ஒரு கமெண்ட் வரும்: ‘இவ்வளவு பெரிய விமானம், பக்கத்தில் வரும்வரை சத்தமே கேட்கவில்லையே, எடிட்டிங்கா?’ எடிட்டிங் இல்லை நண்பர்களே, கணக்கு. அந்த விமானம் விநாடிக்கு 230 மீட்டர் போகிறது. ஒலி விநாடிக்கு சுமார் 340 மீட்டர் போகும். ஒலிதான் வேகம், ஆனால் பெரிய வித்தியாசம் இல்லை. விமானம் 2 கிலோமீட்டரில் இருக்கும்போது கிளம்பிய சத்தம் உங்களிடம் வர 6 விநாடி. விமானமே வந்து சேர 9 விநாடிகூட ஆகாது. மிஞ்சுவது 3 விநாடி. இதுவும் திறந்தவெளியில்தான். பள்ளத்தாக்கில் விமானம் மலை முனையைச் சுற்றி அரை கிலோமீட்டரில் தலைகாட்டினால்? நேர்வழியாக வரும் முதல் சத்தத்துக்கும் விமானத்துக்கும் நடுவே முக்கால் விநாடிகூட இல்லை. கேமராவைத் தூக்குவதற்குள் போய்விடும்.

அதோடு ஜெட் இன்ஜினின் பெரும் இரைச்சல் பின்பக்கம் கக்கும் புகையிலிருந்து வருவது. அது பின்னாலும் பக்கவாட்டிலும்தான் அதிகம் அடிக்கும். முன்னால் இருப்பவருக்கு ஒரு மெல்லிய சீழ்க்கை, அவ்வளவுதான். தாண்டிய பிறகுதான் மொத்த இடியும் நெஞ்சில் இறங்கும். இதை ‘ஒலித்தடையை உடைத்துவிட்டான்’ என்று சிலர் சொல்வார்கள். இல்லவே இல்லை. ஒலியின் வேகத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் இது. மனது நம்ப மறுக்கும், காது சத்தியம் செய்யும், ஆனாலும் இல்லை.

விமானம் பார்க்க வந்தவர்களுக்கு ஜாலி. அங்கேயே குடியிருப்பவர்களுக்கு? குழந்தை இப்போதுதான் தூங்கியிருக்கும், ஆடு குட்டி போட்டுக்கொண்டிருக்கும், தலைக்கு மேலே இடி. அவர்கள் புகார் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்பதுதான் என் கட்சி. கால்நடைக்கோ சொத்துக்கோ சேதம் வந்தால் பாதுகாப்பு அமைச்சகத்திடம் இழப்பீடு கேட்கலாம். குதிரை ஓட்டுகிறவர்கள் பைலட் கண்ணில் படும்படி பளிச்சென்ற உடை போட்டுக்கொள்ளச் சொல்கிறார்கள். 100 அடிக்கு இறங்கும் பகுதிகளுக்கு எந்த நாள், எந்த நேரம் என்று அட்டவணையை இணையத்தில் போட்டுவிடுகிறார்கள். ராணுவம்! அட்டவணை! எல்லோரும் பார்க்கலாம்! முதல் தடவை படித்தபோது நான் நம்பவில்லை.

நமக்கும் இதற்கும் ஒரு தொடர்பு உண்டு. மாக் லூப்பில் அடிக்கடி வருகிற ஒரு கறுப்பு விமானம் ஹாக். வேல்ஸின் ஆங்கிள்சி தீவில் இருக்கும் வேலி தளத்தில், போர் விமானப் பைலட் ஆகப்போகிறவர்கள் பயிற்சி எடுப்பது இதில்தான். நம் விமானப்படையும் ஹாக் வைத்திருக்கிறது. 2024 அக்டோபர் 6 அன்று சென்னை மெரினாவில் சிவப்பும் வெள்ளையுமாக வித்தை காட்டிய சூர்யகிரண் அணி ஓட்டியது அதே ஹாக் குடும்பம்தான்.

போகலாம் என்று ஆசைப்படுகிறவர்களுக்கு: திங்கள் முதல் வெள்ளி வரை போங்கள், சனி ஞாயிறு போனால் ஆடு மட்டும்தான் கிடைக்கும். மேகம் மலையில் இறங்கிவிட்டால் பயிற்சி ரத்து. ஏ487 சாலையோரம் வண்டியை நிறுத்திவிட்டுச் செங்குத்தாக ஏற வேண்டும், மூச்சு வாங்கும். மழைக்கோட்டு, சாப்பாடு, பொறுமை மூன்றும் வேண்டும். நாள் பூராவும் உட்கார்ந்து ஒன்றுகூட வராமல் இறங்கியவர்கள் ஏராளம். வரும் என்று யாரும் உத்தரவாதம் தர மாட்டார்கள்.

தஞ்சாவூர், சூலூர் மக்களே, உங்களுக்கு ஒரு வேலை. சுகோய், தேஜஸ் எல்லாம் உங்கள் வீட்டு மொட்டை மாடிக்கு மேலே போவதைப் பார்த்துப் பழகியவர்கள் நீங்கள். திடுக்கிட்டு ஓடிய கதை ஏதாவது இருந்தால் கமெண்டில் போடுங்கள். வீடியோவைச் சத்தம் கூட்டி வைத்துப் பார்த்து, பக்கத்து வீட்டில் திட்டு வாங்கியவர்கள் ஒரு லைக் போட்டுவிட்டுப் போங்கள்.